யுனிவர்சல் ரிமோட்டில் கோட் போட்டும் வேலை செய்யவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது யுனிவர்சல் ரிமோட்டை வாங்கி, கையேட்டில் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்து, எதுவும் நடக்காமல் வெறுத்துப்போய் ஓரமாக வைத்துவிட்டவர்கள் நிறைய பேர். பெரும்பாலும் தப்பு ரிமோட்டில் இருப்பதில்லை. எங்கே சிக்குகிறது என்று பார்க்காமல் எண்களை மட்டும் மாற்றிக்கொண்டே போவதுதான் பிரச்சினை.

சிக்கக்கூடிய இடங்கள் மூன்றுதான். ரிமோட்டிலிருந்து வெளிச்சம் கிளம்பவே இல்லை. அல்லது கிளம்பியது டிவிக்குப் போய்ச் சேர்ந்தாலும் அதற்குப் புரியவில்லை. அல்லது புரிந்தும், அந்தப் பட்டனில் வேறு கட்டளை உட்கார்ந்திருக்கிறது. உங்கள் பிரச்சினை இவற்றில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடு படியுங்கள்.

கையேட்டில் இருக்கும் நான்கு இலக்க கோட் எண் உண்மையில் என்ன?

அது டிவிக்குப் போகிற சிக்னல் இல்லை. ரிமோட்டின் நினைவகத்தில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருக்கும் ஒரு குறியீட்டுத் தொகுப்பின் வரிசை எண், அவ்வளவுதான். நூலகத்தில் புத்தகத்துக்குப் போடும் எண் மாதிரி: அதைப் பார்த்துப் புத்தகத்தை எடுக்கலாம், ஆனால் கதை அந்த எண்ணுக்குள் இல்லை.

உண்மையான குறியீடு என்பது வெளிச்சத் துடிப்புகளின் ஒரு ஒழுங்கு. ரிமோட்டின் முனையில் இருக்கும் எல்இடி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை (பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம்) நொடிக்குச் சுமார் 38,000 முறை அணைத்து அணைத்து எரிய வைக்கும். அந்தத் துடிப்பை எவ்வளவு நேரம் விடுகிறது, இடையில் எவ்வளவு நேரம் சும்மா இருக்கிறது என்பதில்தான் செய்தி இருக்கிறது. வெயிலும் விளக்கும் நிறைந்த அறையில் டிவி தனக்கான சிக்னலைப் பிரித்து எடுப்பதே இந்த வேகத் துடிப்பை வைத்துத்தான்.

அப்படியென்றால் வேறு கம்பெனி ரிமோட்டின் கோட் எண்ணை இதில் போடலாமா?

பொதுவாக முடியாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் தொகுப்புக்குத் தன் இஷ்டப்படி எண் கொடுத்திருப்பார். ஒரு விதிவிலக்கு உண்டு. யுனிவர்சல் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனத்தின் குறியீட்டுத் தொகுப்பு, ஒன் ஃபார் ஆல் ரிமோட்களிலும் பல கேபிள், செயற்கைக்கோள் நிறுவனங்கள் தரும் ரிமோட்களிலும் இருக்கிறது. அதனால் அவற்றுக்கிடையே எண்கள் சில சமயம் ஒத்துப்போகும். மற்றபடி, உங்கள் ரிமோட்டின் மாடல் எண்ணுக்குரிய பட்டியலை மட்டும் நம்புங்கள்.

ரிமோட்டிலிருந்து ஏதாவது வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மொபைல் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். திரையில் எல்இடி ஊதா அல்லது வெள்ளை நிறத்தில் மின்னினால் வெளிச்சம் வருகிறது. பின்பக்க கேமராவில் தெரியாவிட்டால் செல்ஃபி கேமராவில் பாருங்கள். பல மொபைல்களில் பின்பக்க கேமராவுக்கு அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி பலமாக இருக்கும். முன்பக்கத்தில் அவ்வளவாக இருக்காது.

முதலில் வேலை செய்கிற ஒரு பழைய ரிமோட்டை அதே கேமராவில் பார்த்துவிடுங்கள். அது தெரிந்தால்தான் உங்கள் கேமராவை நம்பலாம். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதியது மங்கலாகத் தெரிந்தால் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

இந்தச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்றைத்தான்: வெளிச்சம் வருகிறது. சரியான குறியீடு வருகிறதா என்று கேமரா சொல்லாது.

டிவியோடு வந்த ரிமோட் கேமராவில் மின்னவே இல்லை. ஆனால் டிவி நன்றாகக் கேட்கிறது. எப்படி?

அந்த ரிமோட் அகச்சிவப்பில் பேசவில்லை. புளூடூத்திலோ வேறு ரேடியோ அலையிலோ பேசுகிறது. அமேசான் ஃபயர் டிவி ஸ்டிக், ரோக்கு ஸ்டிக் போன்ற குச்சி வகைக் கருவிகள், குரல் வசதி உள்ள பல ஸ்மார்ட் டிவி ரிமோட்கள், புது செட்டாப் பாக்ஸ்கள் சில எல்லாம் இந்த வகை. அப்படிப்பட்ட கருவியில் அகச்சிவப்பு உணரியே இல்லை என்றால், எந்த கோட் எண்ணைப் போட்டாலும் பலன் இல்லை. நாள் முழுக்க முயன்றாலும் நடக்காது, அதனால் இதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு பட்டனையும் தனித்தனியாகச் சோதியுங்கள். சில ரிமோட்களில் பவர் பட்டன் மட்டும் அகச்சிவப்பில் போகும், மற்றதெல்லாம் புளூடூத்தில் போகும். பவர் மின்னி, மெனு மின்னாவிட்டால் உங்களுடையது அந்த வகை. பெரும்பாலான ஸ்மார்ட் டிவிகளில் புளூடூத் ரிமோட் இருந்தாலும் அகச்சிவப்பு உணரியும் இருக்கும். எனவே டிவிக்கு யுனிவர்சல் ரிமோட் வேலை செய்ய வாய்ப்பு அதிகம். ஸ்ட்ரீமிங் குச்சிக்குத்தான் சந்தேகம்.

ரிமோட்டில் சிவப்பு விளக்கு மின்னுகிறது, டிவி மட்டும் அசையவில்லை. ஏன்?

அந்தச் சிவப்பு விளக்கு 'பட்டன் அழுத்தப்பட்டது' என்று உங்களுக்குக் காட்டுவதற்கு. அகச்சிவப்பு எல்இடிக்குத் தேவையான மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு அதிகம். பேட்டரி இறங்கியிருந்தால் சிவப்பு விளக்கு ஜோராக எரியும், அகச்சிவப்பு டிவி வரை எட்டாது. ரீசார்ஜ் பேட்டரி போட்டிருந்தால் அதையும் கவனியுங்கள்: ஒன்றுக்கு 1.5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 1.2 வோல்ட்தான் வரும், சில ரிமோட்கள் இதைத் தாங்காது.

பேட்டரி புதிது என்றால், டிவியின் முன்பக்கம் இருக்கும் சிறிய விளக்கைப் பாருங்கள். நிறைய டிவிகளில் சிக்னல் வந்தால் அது ஒருமுறை சிமிட்டும். சிமிட்டியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் டிவி குறியீட்டைப் படித்துவிட்டது. அந்த நேரத்தில் அந்தக் கட்டளைக்கு வேலை இல்லை, அல்லது டிவியில் குழந்தைப் பூட்டு, ஹோட்டல் மோட் (ஹோட்டல் அறைகளுக்காகச் சில வசதிகளை முடக்கும் அமைப்பு) போன்ற ஏதோ ஒன்று போடப்பட்டிருக்கிறது. சிமிட்டவே இல்லை என்றால் குறியீட்டு வகையே பொருந்தவில்லை என்று எடுத்துக்கொண்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம்.

என் பிராண்டுக்கு நேராகப் பத்து, பதினைந்து எண்கள் இருக்கின்றன. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பவர் பட்டனை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லோரும் செய்வது இதுதான்: டிவி அணைந்ததும் 'கிடைத்துவிட்டது' என்று நிறுத்திவிடுவார்கள். ஒரே தயாரிப்பாளரின் பல தொகுப்புகளில் பவரும் வால்யூமும் ஒன்றாகவே இருக்கும். மெனு, இன்புட், அம்புக்குறிகள் இவற்றில்தான் வித்தியாசம் வரும்.

ஐந்து பட்டன்களைச் சோதியுங்கள்: மியூட், இன்புட் அல்லது சோர்ஸ், மெனு, ஏதாவது ஓர் அம்புக்குறி, ஓர் எண் பட்டன். ஐந்தும் சரியாக வந்தால்தான் அந்த எண் உங்களுக்கானது. மூன்று மட்டும் வந்தால் அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு தொடருங்கள். கடைசியில் எதுவும் முழுசாகப் பொருந்தாவிட்டால், இருப்பதில் அதிகப் பட்டன் வேலை செய்கிற எண்ணைப் போட்டுவிட்டு, மீதியை லேர்னிங் வசதியால் (பழைய ரிமோட்டின் சிக்னலைக் கேட்டுப் பதிவு செய்துகொள்வது) கற்பிக்கலாம். எனக்குத் தெரிந்து இந்தக் கலப்பு முறைதான் அதிகத் தொல்லையில்லாதது.

என் பிராண்டே பட்டியலில் இல்லை. அப்புறம் என்ன செய்வது?

டிவியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரும் உள்ளே இருக்கும் போர்டைச் செய்தவரும் ஒருவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே தொழிற்சாலை பல பெயர்களுக்குச் செய்து தருகிறது. அதனால் பெரிய பிராண்டுகளின் எண்களையும் போட்டுப் பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோ சர்ச்: ரிமோட்டே தன்னிடம் இருக்கும் குறியீடுகளை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கும் வசதி.

ஆட்டோ சர்ச் ஓடி முடிந்துவிட்டது. டிவி அணையவே இல்லை.

மூன்று காரணங்கள் அடிக்கடி வரும்.

ஒன்று, சர்ச் வேகமாக ஓடி, சரியான குறியீட்டைத் தாண்டிப் போயிருக்கும். டிவி உடனே அணையாது, ஒரு நொடி எடுத்துக்கொள்ளும். அதற்குள் ரிமோட் அடுத்ததற்குப் போய்விடும். உங்கள் ரிமோட்டில் ஒவ்வொன்றாக நகர்த்தும் முறை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பவரையோ சேனல் கூட்டும் பட்டனையோ ஒருமுறை அழுத்தி, இரண்டு நொடி காத்திருந்து, அடுத்ததற்குப் போவது. மெதுவான வேலைதான், ஆனால் தவறாது.

இரண்டு, தப்பான வகையில் தேடியிருப்பீர்கள். டிவி பட்டனில் தேடினால் டிவி குறியீடுகள் மட்டும்தான் ஓடும். சவுண்ட்பார் சில ரிமோட்களில் ஆடியோ என்ற வகையில் இருக்கும், சிலவற்றில் ஆம்ப்ளிஃபயர் என்று தனியாக இருக்கும். இரண்டிலும் தேடுங்கள்.

மூன்று, தேடல் நடுவில் நின்றுவிட்டிருக்கும். பட்டன் எதுவும் அழுத்தாமல் கொஞ்ச நேரம் விட்டால் பல ரிமோட்கள் புரோகிராமிங் நிலையிலிருந்து தானாக வெளியே வந்துவிடும். விளக்கு இன்னும் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

டிவி அணைந்ததும் கோட்டைச் சேமிக்கும் பட்டனை அழுத்த மறக்க வேண்டாம். அழுத்தாவிட்டால் தேடியதெல்லாம் வீண்.

பழைய ரிமோட்டைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் லேர்னிங் வசதி எப்படி வேலை செய்கிறது? ஏன் அடிக்கடி தோற்கிறது?

யுனிவர்சல் ரிமோட் இதில் கேட்கும் பக்கம் நிற்கிறது. பழைய ரிமோட் விடும் துடிப்புகளின் நீளத்தை அளந்து அப்படியே பதிவு செய்துகொண்டு, பிறகு திருப்பி அனுப்புகிறது. பெரும்பாலான ரிமோட்கள் அதன் அர்த்தத்தைப் புரிந்துகொள்வதில்லை. அதனால் கேட்கும்போது எது கலந்தாலும் அதுவும் பதிவாகிவிடும்.

இரண்டு ரிமோட்டையும் மேசைமேல் முனைக்கு முனை நேராக வைத்து, 3 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். ஒட்டி வைத்தால் உணரி திணறிப்போகும். கையில் பிடித்துக்கொண்டு செய்யாதீர்கள், ஆடும். ஜன்னல் வெயிலும் மேலே எரியும் விளக்கும் நேராக விழாத இடமாகப் பாருங்கள். சில குழல் விளக்குகளும் எல்இடி விளக்குகளும் ரிமோட்டின் துடிப்புக்குப் பக்கத்தில் வரும் வேகத்தில் சிமிட்டுகின்றன; நம் கண்ணுக்குத் தெரியாது, உணரிக்குத் தெரியும். இரண்டு ரிமோட்டிலும் பேட்டரி புதிதாக இருக்கட்டும்.

இனி நேரம். இதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். மிக அதிகமாகப் பயன்படும் வகைகளில் ஒன்று நெக் (என்இசி) குறியீடு, ஜப்பானின் என்இசி நிறுவனம் உருவாக்கியது. அதில் ஓர் அழுத்தல் எப்படிப் போகிறது என்று பாருங்கள். முதலில் 9 மில்லிநொடி நீளத் துடிப்பு, 4.5 மில்லிநொடி அமைதி. பிறகு 32 பிட் (ஒவ்வொன்றும் 0 அல்லது 1): கருவியின் முகவரி, அதன் தலைகீழ் (0 இருந்த இடத்தில் 1, 1 இருந்த இடத்தில் 0), கட்டளை, அதன் தலைகீழ். எல்லாம் 67.5 மில்லிநொடியில் முடிந்துவிடும். பட்டனை விடாமல் பிடித்திருந்தால் அந்த 32 பிட் மறுபடி வராது. 108 மில்லிநொடிக்கு ஒருமுறை 'அதேதான்' என்று சொல்லும் ஒரு சின்னத் துடிப்பு மட்டும் வரும்.

இப்போது யோசியுங்கள். பழைய ரிமோட்டின் பட்டனை முன்கூட்டியே அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன்பிறகு யுனிவர்சல் ரிமோட்டை லேர்னிங் நிலைக்குக் கொண்டு வந்தால் அதன் காதில் விழுவது அந்த 'அதேதான்' மட்டுமே. 'கற்றுக்கொண்டேன்' என்று விளக்கு மின்னும்; ஆனால் டிவியிடம் அனுப்பினால் ஒன்றும் நடக்காது. எதற்கு அதே என்று டிவிக்கு எப்படித் தெரியும்? ஆகவே, முதலில் லேர்னிங் நிலை, விளக்கு தயார் என்று காட்டட்டும், அதற்கப்புறம் அழுத்தல்.

எவ்வளவு நேரம் அழுத்துவது? உங்கள் ரிமோட்டின் கையேடு 'விடாமல் பிடி' என்றால் பிடியுங்கள், 'தட்டி விடு' என்றால் தட்டி விடுங்கள். கையேட்டில் இல்லையென்றால், முதலில் அரை நொடி அழுத்திப் பாருங்கள். சோனி குறியீட்டுக்கு மட்டும் கொஞ்சம் நீட்டி அழுத்துவது நல்லது. சோனி ரிமோட்கள் ஓர் அழுத்தலுக்கு அதே செய்தியை 45 மில்லிநொடிக்கு ஒன்றாகக் குறைந்தது மூன்று முறை அனுப்புகின்றன, கருவியும் அதையே எதிர்பார்க்கிறது. ஒரே ஒரு முறை மட்டும் பதிவானால் சோனி டிவி கண்டுகொள்ளாமல் இருக்கலாம்.

கற்றுக்கொடுத்த பட்டனை ஒருமுறை அழுத்தினால் வால்யூம் இரண்டு, மூன்று படி தாவுகிறது.

கற்பிக்கும்போது அதிக நேரம் பிடித்துவிட்டீர்கள். திரும்பத் திரும்ப வந்த செய்திகளும் சேர்ந்து பதிவாகிவிட்டன. அந்தப் பட்டனை அழித்துவிட்டு, குறைந்த நேரம் அழுத்தி மறுபடி கற்பியுங்கள்.

சேனல் 11 என்று அடித்தால் டிவியில் 1 மட்டும் வருகிறது. 12 சரியாக வருகிறது. இது என்ன?

இந்த அறிகுறியைக் கேட்டவுடனேயே சொல்லிவிடலாம்: ஃபிலிப்ஸ் உருவாக்கிய ஆர்சி5 அல்லது ஆர்சி6 வகைக் குறியீடு, அதை லேர்னிங் முறையில் கற்பித்திருக்கிறீர்கள்.

ஆர்சி5 செய்தி 14 பிட் நீளம். தொடக்கத்துக்கு இரண்டு பிட், முகவரிக்கு ஐந்து, கட்டளைக்கு ஆறு. மீதி ஒன்று, வரிசையில் மூன்றாவது, டாகிள் பிட். பட்டனை விட்டுவிட்டு மறுபடி அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது 0, 1, 0, 1 என மாறும். பிடித்துக்கொண்டே இருந்தால் மாறாது. டிவி இதை வைத்துத்தான் 'ஒரே பட்டனை விடாமல் பிடித்திருக்கிறார்', 'இரண்டு முறை தட்டினார்' என்று பிரித்துப் பார்க்கிறது.

லேர்னிங் ரிமோட் பதிவு செய்தபோது அந்தப் பிட் 0 என்று இருந்திருந்தால், காலத்துக்கும் 0 தான். நீங்கள் 1, 1 என்று இரண்டு முறை தட்டுகிறீர்கள். டிவி ஒரே அழுத்தல் என்று நினைத்துக்கொள்கிறது. 1, 2 என்று தட்டினால் கட்டளையே வேறு என்பதால் தயங்காமல் ஏற்கிறது.

தீர்வு: அந்தக் கருவிக்கு லேர்னிங்கை விட்டுவிட்டு, கோட் எண் மூலம் பட்டியலில் இருக்கும் தொகுப்பைப் போடுங்கள். அதில் ரிமோட் குறியீட்டைத் தானே உருவாக்குவதால் டாகிள் பிட்டையும் சரியாக மாற்றும். அதற்கு வழியில்லையென்றால், இரண்டு தட்டலுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி விட்டுப் பாருங்கள். சில டிவிகள் ஏற்கும், சில ஏற்காது.

பக்கத்தில் போய் நின்றால்தான் வேலை செய்கிறது. பேட்டரி புதிதுதான்.

துடிப்பு வேகம் பொருந்தாமல் இருக்கலாம். எல்லாக் கருவிகளும் 38 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 38,000 துடிப்பு) இல்லை. ஆர்சி5 வகை 36, சோனி 40, ஆர்சிஏ நிறுவனக் கருவிகள் சுமார் 56. டிவியில் இருக்கும் உணரி ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குச் சரிசெய்யப்பட்டது. பக்கத்து வேகத்தையும் கேட்கும், ஆனால் மந்தமாக. 40-இல் வர வேண்டியதை ரிமோட் 38-இல் அனுப்பினால் தூரம் குறையும், அடியோடு நிற்காது. ஆனால் 56-க்கு 38 என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமே கேட்காது. பேங் அண்ட் ஒலுஃப்சன் கருவிகள் 455 கிலோஹெர்ட்ஸ் பயன்படுத்துகின்றன; சாதாரண லேர்னிங் ரிமோட்கள் பலவற்றால் அதைப் பிடிக்கவே முடியாது.

மறுபடி கற்பித்தும் தூரம் கூடவில்லை என்றால் பட்டியலில் இருக்கும் எண்ணுக்கே திரும்புங்கள்.

நேற்று வேலை செய்தது, இன்று இல்லை. மாலையில் சரியாகிவிடுகிறது.

இது கோட் பிரச்சினை இல்லை. உணரி மேல் வெயில் விழுகிறதா, புதிதாக ஏதாவது விளக்கு மாட்டியிருக்கிறீர்களா, டிவிக்கு முன்னால் சவுண்ட்பார் வைத்து உணரியை மறைத்துவிட்டீர்களா என்று பாருங்கள். அலமாரிக்குள் இருக்கும் கருவிக்கு ஐஆர் ரிப்பீட்டர் (ரிமோட்டின் சிக்னலை வெளியே வாங்கி உள்ளே திருப்பி அனுப்பும் கருவி) போட்டிருந்தால், அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை சோதியுங்கள். விளக்கின் சிமிட்டலை ரிப்பீட்டர் விடாமல் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தால் உண்மையான சிக்னல் அதில் மூழ்கிப்போகும்.

இணையத்தில் கிடைத்த குறியீட்டை மென்பொருள் வழியாக ஏற்றினேன். பயன் இல்லை.

ஒரே குறியீட்டைப் பல விதமாக எழுதுகிறார்கள், அதனால் வரும் குழப்பம் இது.

ஓர் உதாரணம். எல்ஜி டிவிகளின் பவர் குறியீடு ஓரிடத்தில் 'முகவரி 4, கட்டளை 8' என்று இருக்கும். இன்னோரிடத்தில் பதினாறடிமான எண்ணாக (0 முதல் 9 வரையோடு ஏ முதல் எஃப் வரை எழுத்துகளும் வரும் எண் முறை) '20 டிஎஃப் 10 இஎஃப்' என்று இருக்கும். இரண்டும் ஒன்றேதான். நெக் வகையில் ஒவ்வொரு எட்டுப் பிட்டிலும் கடைசிப் பிட் முதலில் போகும். 4 என்பது இரும எண்ணில் 00000100. பின்னாலிருந்து படித்தால் 00100000, அதாவது பதினாறடிமானத்தில் 20. 8 என்பது அதே போல் 10 ஆகிறது. 'டிஎஃப்', 'இஎஃப்' என்பவை 0-க்கு 1, 1-க்கு 0 என்று மாற்றிய அவற்றின் தலைகீழ்கள். உங்கள் மென்பொருள் முகவரியும் கட்டளையும் கேட்கிற இடத்தில் 20, 10 என்று போட்டால் டிவி அசையாது.

புரோண்டோ வடிவத்தில் (ரிமோட் குறியீடுகளை எழுதிப் பகிரும் ஒரு முறை) வரும் நீளமான எண்வரிசைகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் முதல் எண் 0000 என்றிருந்தால், அது அளந்து எழுதிய மூலக் குறியீடு. இரண்டாவது எண் துடிப்பு வேகத்தைக் குறிக்கும்: 0067 என்றால் ஏறத்தாழ 40 கிலோஹெர்ட்ஸ், 0073 என்றால் 36, 006 உடன் 'டி' சேர்ந்திருந்தால் 38. சோனி கருவிக்கு என்று ஒருவர் தந்த வரிசையில் இரண்டாவது எண் 0073 என்று இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே சந்தேகப்படலாம். மூன்றாவதும் நான்காவதும் துடிப்பு இணைகளின் (ஒரு துடிப்பும் அதன்பின் வரும் அமைதியும் சேர்ந்தது ஓர் இணை) எண்ணிக்கை. நகல் எடுக்கும்போது வரிசையின் வால் அறுந்திருந்தால் இந்த எண்ணிக்கை ஒத்துப்போகாது; எண்ணிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

டிவி எல்லாம் சரி. ஏசி ரிமோட்டை மட்டும் கற்பிக்க முடியவில்லை.

ஏசி ரிமோட் வேலை செய்யும் விதமே வேறு. டிவி ரிமோட்டில் வால்யூம் கூட்டும் பட்டன் 'ஒரு படி கூட்டு' என்று மட்டும் சொல்லும். ஏசி ரிமோட்டில் வெப்பநிலையைக் கூட்டும் பட்டனை அழுத்தினால், 'ஓடிக்கொண்டிரு, குளிர்விக்கும் நிலை, 25 டிகிரி, விசிறி நடுத்தர வேகம், ஸ்விங் நிறுத்தம்' என்று மொத்த நிலவரத்தையும் ஒரே செய்தியில் அனுப்பும். அதன் திரையில் தெரிவதெல்லாம் அப்படியே போகிறது.

இதனால் இரண்டு தொல்லைகள். முதலாவது, செய்தி மிக நீளம். நெக் வகையில் 32 பிட் என்றால், டைகின் ஏசிகளின் ஒரு வகையில் 280 பிட். பல லேர்னிங் ரிமோட்களின் நினைவகத்தில் அவ்வளவு நீளம் கொள்ளாது, பாதியில் நின்றுவிடும். பல ஏசி செய்திகளின் கடைசியில் சரிபார்ப்புக் கூட்டுத்தொகை ஒன்று வரும். ஒரு பிட் தவறினாலும் ஏசி அந்தச் செய்தியை மொத்தமாக ஒதுக்கிவிடும்.

இரண்டாவது, கற்றுக்கொண்டாலும் 'கூட்டு' என்ற பட்டன் கிடைக்காது. நீங்கள் 24-லிருந்து கூட்டும்போது கற்பித்தீர்கள் என்றால், அந்தப் பட்டன் இனி எப்போதும் '25 வை' என்றே சொல்லும். பத்துத் தடவை அழுத்தினாலும் 25 தான்.

சரி, இதை நமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். ஏசி ரிமோட்டில் முதலில் 24 டிகிரி, குளிர்விக்கும் நிலை, ஆட்டோ விசிறி என்று எல்லாம் வைத்துவிட்டு, அந்த நிலையை அனுப்பும் கடைசி அழுத்தலை ஒரு பட்டனுக்குக் கற்பியுங்கள். 27 டிகிரிக்கு இன்னொன்று. அணைக்க ஒன்று. மூன்று பட்டனில் அன்றாடத் தேவை முடிந்துவிடும். முழு வசதியும் வேண்டும் என்றால் ஏசிக்கென்றே வரும் யுனிவர்சல் ரிமோட் வாங்குவதுதான் சரி. அதில் திரை இருக்கும், செய்தியைத் தானே கட்டமைத்து அனுப்பும்.

ஒரே பட்டனில் எல்லாக் கருவிகளையும் ஆன் செய்ய வைத்தேன். சில சமயம் ஒன்று ஆன் ஆகிறது, இன்னொன்று ஆஃப் ஆகிறது.

பவர் பட்டன் பெரும்பாலும் ஒரே குறியீடு: ஓடினால் அணை, அணைந்திருந்தால் ஓடு. அகச்சிவப்பு ஒருவழிப் பாதை. டிவி இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியவே தெரியாது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கருவி இந்தக் குறியீட்டைக் கேட்டால் அணைந்துவிடும்.

பல கருவிகளுக்கு 'ஆன் மட்டும்', 'ஆஃப் மட்டும்' என்று தனித்தனிக் குறியீடுகள் உண்டு. கருவியோடு வந்த ரிமோட்டில் அதற்குப் பட்டன் இருக்காது, ஆனால் கருவி புரிந்துகொள்ளும். எச்டிஎம்ஐ 1, எச்டிஎம்ஐ 2 என்று நேராகப் போகும் குறியீடுகளும் இப்படித்தான். உங்கள் ரிமோட்டின் மென்பொருளில் டிஸ்கிரீட் என்ற பெயரில் தேடிப் பாருங்கள். கிடைத்தால் இந்தத் தொல்லை அடியோடு போய்விடும்.

வரிசையில் இடைவெளியும் வையுங்கள். ஆன் ஆன டிவி முதல் சில நொடிகளுக்கு இன்புட் மாற்றும் கட்டளையைக் காதில் வாங்காது.

வால்யூமைக் கூட்டினால் டிவியிலும் சவுண்ட்பாரிலும் சேர்ந்து கூடுகிறது.

இரண்டும் ஒரே தயாரிப்பாளருடையது என்றால் ஒரே குறியீட்டைக் கேட்கின்றன. டிவி அமைப்புகளில் உள் ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள். சில சவுண்ட்பார்களிலும் செட்டாப் பாக்ஸ்களிலும் ரிமோட் குறியீட்டை வேறு தொகுப்புக்கு மாற்றும் அமைப்பு உண்டு, அதையும் பாருங்கள். தயாரிப்பாளர்கள் வேறு என்றால் உங்கள் ரிமோட்டின் வால்யூம் லாக் (வால்யூம் பட்டன் எப்போதும் ஒரே கருவிக்குப் போகச் செய்யும் அமைப்பு) எந்தக் கருவிக்குப் போடப்பட்டிருக்கிறது என்று சரிபாருங்கள்.

பேட்டரி மாற்றினால் எல்லாம் அழிந்துவிடுகிறது.

பழைய ரிமோட்களில் நினைவகம் மின்சாரம் இருக்கும்வரைதான் தாங்கும். புதுப் பேட்டரியைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு உடனே மாற்றுங்கள், இடையில் எந்தப் பட்டனையும் தொடாதீர்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் அதில் தீர்ந்துவிடும். கோட் எண்களைப் பேட்டரி மூடியின் உட்புறம் எழுதி ஒட்டி வையுங்கள்.

மொபைலையே ரிமோட்டாகப் பயன்படுத்தலாமா?

மொபைலின் மேல் விளிம்பில் அகச்சிவப்பு எல்இடி இருந்தால் முடியும். இல்லையென்றால், ரிமோட் செயலிகள் வைஃபை வழியாகத்தான் பேசும்; அதற்கு டிவியும் வைஃபையில் இணைந்திருக்க வேண்டும்.

எல்லாம் செய்து பார்த்தேன். உதவி கேட்கும் முன் என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்?

'ரிமோட் வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. டிவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண், யுனிவர்சல் ரிமோட்டின் மாடல் எண், கருவியோடு வந்த பழைய ரிமோட்டின் மேலோ பேட்டரி அறையிலோ இருக்கும் எண், மூன்றும் வேண்டும். பழைய ரிமோட்டின் எண் முக்கியம், ஏனென்றால் குறியீடு டிவி மாடலைவிட ரிமோட் மாடலோடுதான் நெருக்கமாகப் போகும். அப்புறம் கேமராவில் எது மின்னியது, எது மின்னவில்லை. எந்த எண்ணில் எந்தப் பட்டன்கள் வேலை செய்தன. டிவி விளக்கு சிமிட்டியதா.

கணினி வழியாகப் புரோகிராம் செய்யும் ரிமோட் என்றால், வேலை செய்கிற அமைப்பின் ஒரு நகலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். லாஜிடெக் நிறுவனம் தன் ஹார்மனி ரிமோட்களின் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. பயனர்களின் அமைப்புகள் எல்லாம் அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் இருந்தன. பழைய ரிமோட்டையும் தூக்கி எறியாதீர்கள். உடைந்திருந்தாலும் சரி, நான்கு பட்டன் மட்டும் வேலை செய்தாலும் சரி, அந்த நான்கையும் இன்றைக்கே கற்பித்து வைத்துவிடுங்கள்.